சம்பள வேலையோடு பக்க வருமானம்: மிஞ்சும் மணிகளில் எது கட்டுப்படியாகும்?

பக்க வருமானம் தேடத் தொடங்குகிறவர்கள் எந்த வேலையில் அதிகக் காசு வரும் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவருக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது நேரம். அதை அளந்துகொள்ளாமல் வேலையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் இரண்டு மூன்று மாதத்தில் சோர்ந்து கைவிடுகிறார்கள், அல்லது அலுவலகத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எந்த வேலை என்ற கேள்விக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டாக வேண்டும்.

ஒரு முழு வாரத்துக்கு, வேலை முடிந்து வீடு திரும்பியது முதல் தூங்கப்போவது வரை எந்த அரைமணியில் என்ன செய்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அன்றன்றே குறிக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் ஓய்வு நேரம் எப்போதும் கூடுதலாகவே தெரியும். இருபது மணி நேரம் கிடைக்கும் என்று நினைத்தவருக்குப் பெரும்பாலும் பத்துதான் தேறும். அந்தப் பத்திலும், தடையில்லாமல் ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் துண்டுகள் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுதல், ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு அந்த நீளமான துண்டுகள் மட்டுமே உதவும். பதினைந்து நிமிடத் துண்டுகளில் மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம், பில் அனுப்பலாம். அதற்கு மேல் எதுவும் உருப்படியாக நடக்காது.

இதற்கு ஒரு மேல் வரம்பும் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடும் கூடுதல் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அலுவலகம் 45 மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் பக்க வேலைக்கு எட்டு மணி, மிஞ்சிப்போனால் ஒன்பது. தூக்கத்தில் கைவைத்துச் சேர்த்த மணிகளை இந்தக் கணக்கில் கொண்டுவரவே கூடாது. தூக்கம் குறைந்தால் முதலில் தடுமாறுவது பக்க வேலையல்ல, மாதாமாதம் சோறு போடும் வேலைதான்.

எட்டு மணி என்று முடிவானதும் தேர்வு எளிதாகிவிடும். பாதி யோசனைகள் தாமாகவே கழிந்துவிடும்.

சொன்ன கூலியும் கைக்கு வரும் கூலியும்

ஒரு வேலைக்கு 1,200 தருவதாகச் சொல்கிறார்கள், ஆறு மணி நேரத்தில் முடியும் என்று வையுங்கள். மணிக்கு 200 என்று மனம் கணக்குப் போடும். இப்போது கழிக்க வேண்டியதைக் கழிப்போம். வேலை வாங்கித் தரும் இணையத் தளம் 20 விழுக்காடு எடுத்தால் 960. பணம் அனுப்பும் கட்டணம், நாணய மாற்று இழப்பு எல்லாம் சேர்த்து 30 போனால் 930. அதில் வரி 15 விழுக்காடு என்றால் கையில் நிற்பது சுமார் 790. நேரமும் ஆறு மணியோடு நிற்காது. பேச்சுவார்த்தைக்கு ஒரு மணி, திருத்தங்களுக்கு ஒன்றரை மணி, பில் போட்டுப் பணத்தை நினைவூட்ட அரை மணி. ஆக ஒன்பது மணி நேரம். 790ஐ ஒன்பதால் வகுத்தால் 88தான் வருகிறது. சொன்ன கூலியில் பாதிகூட இல்லை.

இந்த 88ஐ உங்கள் சம்பளத்தின் மணிக்கூலியோடு வைத்துப் பாருங்கள். கைக்கு வரும் மாதச் சம்பளத்தை, பயண நேரமும் சேர்த்த மொத்த மணி நேரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பக்க வேலை அதைவிடக் குறைவாகத் தந்தால் அது தவறென்று ஆகிவிடாது. புதிய திறமை கற்கவோ, நல்ல வாடிக்கையாளரைப் பிடிக்கவோ சில மாதம் குறைவாக வாங்கலாம். எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும்.

வெளியே தேடும் முன் உள்ளேயே பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. அலுவலகத்தில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு கூலியில் கிடைக்குமானால், வாடிக்கையாளர் தேடும் அலைச்சல் இல்லாத அந்த வருமானம் பல பக்க வேலைகளைவிட மேல். அடுத்தது கடன். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியில் 10,000 கடன் இருந்தால், அதை அடைப்பது ஆண்டுக்கு 2,400 சம்பாதிப்பதற்குச் சமம், அதுவும் வரியில்லாமல். பக்க வருமானத்தின் முதல் சில மாதப் பணம் அங்கேதான் போக வேண்டும்.

பணி ஒப்பந்தத்தைத் திரும்பப் படியுங்கள்

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, நான்கு விஷயங்களைத் தேடுங்கள். வெளியே வேலை செய்ய முன் அனுமதி தேவையா? போட்டி நிறுவனங்களுக்கும், நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்யத் தடை இருக்கிறதா? வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எழுத்து, நிரல், வடிவமைப்பு எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வாசகம் இருக்கிறதா? வேலையை விட்ட பிறகும் எத்தனை மாதம் இந்தக் கட்டுப்பாடு தொடர்கிறது? மூன்றாவதுதான் பலரும் பார்க்காமல் விடுவது. மென்பொருள், வடிவமைப்பு, ஆய்வு போன்ற துறைகளில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எழுதிய நிரல்கூட இந்த வாசகத்துக்குள் வந்துவிடலாம்.

அரசு ஊழியர்களுக்குப் பல நாடுகளில் எழுத்துமூல முன் அனுமதி கட்டாயம். தனியார் வேலையிலும் அனுமதி கேட்பதானால் வாய்ச்சொல்லோடு விடாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: என்ன வேலை, எந்த நேரத்தில், நிறுவனத்தின் தொழிலோடு மோதாது, நிறுவனத்தின் கருவி எதையும் பயன்படுத்தமாட்டேன் என்று நான்கே வரி. அனுமதி வந்த பிறகு அந்தக் கடைசி வரியை எழுத்துக்கு எழுத்து காப்பாற்ற வேண்டும். அலுவலக மடிக்கணினி, அலுவலக மின்னஞ்சல், அலுவலக உரிமத்தில் இயங்கும் மென்பொருள், அலுவலக வைஃபை எதுவும் பக்க வேலையைத் தொடக் கூடாது. பக்க வேலையில் சிக்கல் வரும்போது பெரும்பாலும் மாட்டிக்கொடுப்பது அலுவலக மடிக்கணினியில் சேமித்த கோப்புதான்.

எந்த வேலை ஒத்துவரும்?

பகலில் வாடிக்கையாளரின் அழைப்பை எடுத்தே ஆக வேண்டிய வேலை சம்பளக்காரருக்கு ஒத்துவராது. எழுத்தில் பேசிக்கொள்ளக்கூடிய, துண்டு துண்டாக முடிக்கக்கூடிய, ஏற்கெனவே கைவந்த திறமையில் செய்யக்கூடிய வேலைதான் நிற்கும். வாரம் எட்டு மணி நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்று, அதை விற்று, வாடிக்கையாளரையும் பிடிப்பது மிக மெதுவாகவே நடக்கும்.

இந்த அளவுகோலில் ட்யூஷன் நன்றாகவே தேறுகிறது. நேரம் முன்கூட்டியே தெரியும், பகலில் தொந்தரவு இல்லை, மாதக் கட்டணம் ஒழுங்காக வரும். அதில் பிழைப்பதும் தோற்பதும் தயாரிப்பு நேரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்புக்குத் தொடக்கத்தில் முக்கால் மணி நேரமாவது தயாரிப்பு பிடிக்கும். ஒரே பாடம், ஒரே வகுப்பு நிலை என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது சுற்றிலிருந்து அது கால் மணியாகக் குறையும். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று வந்ததையெல்லாம் ஏற்றுக்கொள்பவருக்கு அது குறையவே குறையாது. தனி மாணவருக்குக் கட்டணம் 100 என்றால், நான்கு பேர் குழுவில் தலைக்கு 60 வாங்கலாம். அதே ஒரு மணிக்கு 240 வரும், பெற்றோருக்கும் செலவு குறையும். நான்கைந்து பேரைத் தாண்டினால் ஒவ்வொருவர் நோட்டையும் பார்க்க நேரம் இருக்காது.

குழுவில் சேர்க்கும் முன் இருபது கேள்வி கொண்ட ஒரு சோதனை வையுங்கள். இப்போதைய பாடத்திலிருந்து கேட்பதைவிட, முந்தைய இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்து கேளுங்கள். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு உண்மையான சிக்கல் பெரும்பாலும் பின்னத்திலோ, எதிர்ம எண்களிலோ இருக்கும். அடித்தளம் வேறு வேறாக உள்ள பிள்ளைகளை ஒரே குழுவில் போட்டால், வேகமாகப் படிக்கிறவர் சலித்துப் போவார், மெதுவானவர் பயந்து வாய் திறக்கமாட்டார். இரண்டு மாதத்தில் இருவருமே நின்றுவிடுவார்கள். விடைத்தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து திருத்தாதீர்கள், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்களையே மாற்றித் திருத்த வையுங்கள். மாதக் கட்டணம் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் வராத வகுப்புக்கு ஈடு கிடையாது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை. உங்கள் அலுவலக வேலையால் வகுப்பு தடைப்பட்டால் அதற்கு நீங்கள் ஈடு செய்ய வேண்டும்; விதி இரு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் பெற்றோர் மதிப்பார்கள்.

மொழி வேலைகளில் இறங்குபவர்கள் முதலில் தங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பில் திருத்தமும் சேர்த்து மணிக்கு 250 முதல் 300 சொல் என்பது நிதானமான வேகம். முழுநேர மொழிபெயர்ப்பாளர்களே ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 சொல் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். வாரம் எட்டு மணி என்றால் உங்கள் கொள்ளளவு சுமார் 2,000 சொல். வெள்ளி மாலை வந்து திங்களுக்குள் 5,000 சொல் வேண்டும் என்பவரிடம் முடியாது என்று சொல்லும் துணிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். மொழிபெயர்ப்பு தவிர, பிறர் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலையையும் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்கிறது. அதனால் அந்தத் தரத்தைப் பின்பற்றும் நிறுவனங்களுக்குத் திருத்துநர்கள் எப்போதும் தேவை. புதிதாக எழுதுவதைவிட இது மாலை நேரக் களைப்பிலும் செய்யக்கூடியது.

ஒலியைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையில் கூலி ஒலியின் நிமிடக் கணக்கில் பேசப்படும், உங்கள் நிமிடக் கணக்கில் அல்ல. ஒருவர் தெளிவாகப் பேசிய ஒரு மணி நேர ஒலிக்குப் பழகிய கையே நான்கு மணி நேரம் எடுக்கும். இருவர் மூவர் உரையாடினால் ஆறு. ஒருவர்மேல் ஒருவர் பேசிய, பின்னணி இரைச்சல் உள்ள பதிவென்றால் எட்டையும் தாண்டும். ஆகவே விலை சொல்லும் முன், தொடக்கத்திலிருந்து அல்லாமல் நடுவிலிருந்து இரண்டு நிமிடத் துண்டு கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் பேசுவார்கள். இப்போது முதல் வரைவை இயந்திரம் போட்டுவிடுகிறது, மனிதருக்கு மிஞ்சுவது திருத்தம். பேச்சு வழக்கு, ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், இரு மொழி கலந்த வாக்கியங்கள் ஆகிய இடங்களில் இயந்திரம் தவறும், தவறியதைக் காட்டிக்கொடுக்காமல் சரளமாகவே எழுதிவைக்கும். படித்துப் பார்த்துத் திருத்தினால் இந்தப் பிழைகள் கண்ணில் படாது; ஒலியைக் கேட்டுக்கொண்டேதான் திருத்த வேண்டும். இன்னொன்று, வாடிக்கையாளரின் ஒலிக்கோப்பை இலவச இணையக் கருவிகளில் ஏற்றும் முன் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மருத்துவம், வழக்கு, ஊழியர் நேர்காணல் போன்ற பதிவுகளில் இது மிக முக்கியம்.

சப்டைட்டில் எழுதுவதில் கட்டுப்பாடு கூடுதல். ரோமன் எழுத்து மொழிகளில் வரிக்கு 42 எழுத்து, திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரி, ஒரு துண்டு அதிகபட்சம் 7 விநாடி என்பது பெரிய தளங்கள் பலவற்றின் அளவு. பேசியதை அப்படியே எழுதினால் இந்த அளவுக்குள் அடங்காது. சுருக்கும் திறமைக்குத்தான் கூலி.

குரல் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டவர்கள் ஒலிப்புத்தகப் பக்கம் போகிறார்கள். அங்கே குரலைவிட அறைதான் பெரும்பாலும் தோற்கடிக்கிறது. ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவுகளைப் பொதுவான இலக்காக வைத்துக்கொள்ளலாம்: சராசரி ஒலி அளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபெலுக்குள், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், பேச்சில்லாத இடங்களில் பதியும் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ். கடைசி அளவைத்தான் வீட்டு அறைகள் தொடுவதில்லை. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கணினியின் உள்விசிறி மூன்றையும் நிறுத்தி முப்பது விநாடி வெறுமனே பதிவு செய்து அளந்து பாருங்கள். துணிகள் அடைந்த சிறிய அறை எதிரொலியை நன்றாக உறிஞ்சும். மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, நேரெதிரே இல்லாமல் சற்றுச் சாய்வாக இருந்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று அடிக்காது. முடிந்த ஒலி ஒரு மணி நேரம் வர, படிப்பது, வெட்டுவது, திருத்தி மறுபடி பதிவது எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருப்பவர்கள் இரவில் பதியாதீர்கள். குரல் அத்தியாயத்தின் நடுவில் கம்மிப்போகும், காலையில் பதிந்த பகுதியோடு ஒட்டாது. ஒரு அத்தியாயத்தை ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. விற்பனையில் பங்கு தருகிறோம் என்பவரைவிட, முடிந்த மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவரையே தொடக்கத்தில் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குச் சிறு கடைகளின் மாதக் கணக்கு நல்ல வேலை. கடைக்கு மாதம் மூன்று நான்கு மணி நேரம் போதும். இதில் உள்ள பொறி, எல்லாக் கடைக்கும் மாத முடிவு ஒரே நாளில் வருவது; உங்கள் அலுவலகத்துக்கும் அதே நாள்தான். பில்களை 5ஆம் தேதிக்குள் அவர்கள் ஒப்படைக்க வேண்டும், 15ஆம் தேதிக்குள் நீங்கள் முடித்துத் தருவீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசுக்குத் தாக்கல் செய்யும் கெடு அதற்கு முன்னால் வரும் கடைகளை ஏற்காதீர்கள்.

கைவினைப் பொருள் விற்பவர்கள் நட்டப்படுவது விலை போடும் இடத்தில்தான். மூலப்பொருள் 100, இரண்டு மணி நேர உழைப்பு மணிக்கு 75 வீதம் 150, சேதாரமும் பொதியும் 25, ஆக அடக்கம் 275. விற்கும் தளம் 15 விழுக்காடு எடுக்கிறது. பலரும் 275க்கு மேல் 15 விழுக்காடு கூட்டி 316 என்று விலை வைக்கிறார்கள். தளம் 15 விழுக்காட்டை 275இல் எடுப்பதில்லை, 316இல் எடுக்கிறது. கைக்கு வருவது 269தான். சரியான வழி, 275ஐ 0.85ஆல் வகுப்பது: 324. ஒரு பொருளுக்கு ஆறு என்றால் சின்னதாகத் தெரியும், அது நேராக உங்கள் உழைப்புக் கூலியிலிருந்து போகிறது. உங்கள் உழைப்புக்கு விலையே போடாமல் மூலப்பொருளின் இரு மடங்கு என்று விற்பவர்கள், ஆர்டர் கூடக்கூடத் தங்கள் தூக்கத்தைத்தான் விற்கிறார்கள். கடையில் கொடுத்து விற்றபின் பணம் வாங்குவதாக இருந்தால் 30 முதல் 50 விழுக்காடு வரை கமிஷன் கேட்பார்கள். அந்தக் கமிஷனையும் இதே முறையில் வகுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.

வண்டி ஓட்டிப் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை உடனே காசு தரும். எரிபொருளை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை லாபம் என்று நினைப்பதுதான் பிழை. டயர், எண்ணெய் மாற்றம், பிரேக், வண்டியின் மதிப்புக் குறைவு எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுக் கழிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு, கூலிக்கு ஓட்டும்போது நேரும் விபத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஓட்டத் தொடங்கும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒளிப்படங்களை இணையச் சேமிப்பகங்களில் விற்பதும், மின்னூல் போடுவதும் மெதுவாகக் காய்க்கும். முதல் ஆண்டில் வீட்டுச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம். படம் பொதுவாகக் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும், முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். கேமரா, துளைபோடும் இயந்திரம், கூடாரம் போன்றவற்றை வாடகைக்கு விடலாம். ஒப்படைக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கும் விலைக்கு ஈடான வைப்புத்தொகையும் வாங்கினால் தகராறு வராது.

பணம் வாங்கும் முறை

எவ்வளவு சின்ன வேலையானாலும் தொடங்கும் முன் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். என்ன வேலை, எவ்வளவு, எந்த வடிவத்தில் ஒப்படைப்பு, எந்தத் தேதி, எத்தனை முறை திருத்தம், பணம் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்ற ஒரு வரி இல்லாவிட்டால், ஆறு மணி நேர வேலை பதினைந்து மணி நேரமாகும். ‘இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க’ என்று வரும் கூடுதல் வேலைக்கு மறுக்க வேண்டியதில்லை. ‘தாராளமா செய்யலாம், இதற்கு இவ்வளவு ஆகும், புதன்கிழமை தருகிறேன்’ என்று அதே நாளில் பதில் போடுங்கள். ஒரு முறை சும்மா செய்து கொடுத்துவிட்டு இரண்டாம் முறை காசு கேட்பது எல்லோருக்கும் சங்கடம்.

புதிய வாடிக்கையாளரிடம் முன்பணம் 30 முதல் 50 விழுக்காடு. சிறு வேலையென்றால் முழுத்தொகையும் முன்பே கேட்கலாம். முடிந்ததை முதலில் குறைந்த தரத்திலோ, குறுக்கே எழுத்துப் பொறித்தோ காட்டி, மீதித் தொகை வந்த பின் முழுக்கோப்பைக் கொடுங்கள். கெடு தாண்டியதும் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று மரியாதையாக நினைவூட்டுங்கள். பாக்கி நிற்கும்போது அடுத்த வேலையைத் தொடாதீர்கள். கெடு சொல்லும்போது உங்கள் கணக்கில் சனிக்கிழமை முடியும் என்றால் வாடிக்கையாளரிடம் செவ்வாய் என்று சொல்லுங்கள். அலுவலகத்தில் திடீரென்று ஒரு நாள் இரவு வரை உட்கார வைத்தாலும் வாக்குத் தவறாமல் இருக்க அந்த மூன்று நாள்தான் காப்பு.

பக்க வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வரும் தொகை ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 விழுக்காட்டை, முதல் வருமான வரித் தாக்கல் முடியும்வரை தொடாமல் ஒதுக்கி வையுங்கள். வருமானம் ஏறஏற வரி விகிதமும் ஏறும் நாடுகளில், கீழ்ப்படிகளையெல்லாம் உங்கள் சம்பளமே நிரப்பியிருக்கும். கூடுதலாக வருவது அத்தனையும் மேல்படி விகிதத்தில்தான் விழும். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிப்பதுபோல் இதில் பெரும்பாலும் யாரும் முழுமையாகப் பிடித்துக் கட்டுவதில்லை என்பதால், பல இடங்களில் ஆண்டின் நடுவிலேயே தவணையாகக் கட்ட வேண்டியும் வரும். வேலைக்காக வாங்கிய கருவி, மென்பொருள், இணையக் கட்டணம் ஆகியவற்றின் பில்களைப் படமெடுத்து மாதவாரியாக ஒரே இடத்தில் சேமியுங்கள். கழிக்க அனுமதி உள்ள செலவைக்கூடப் பில் இல்லாமல் கழிக்க முடியாது. புதிய கருவியை அந்தக் கணக்கில் சேர்ந்த பணத்தில் மட்டும் வாங்குங்கள். சம்பாதிக்கும் முன்பே விலையுயர்ந்த மைக்கும் கேமராவும் கடனில் வாங்கியவர்கள், அந்தத் தவணைக்காகவே கிடைத்த வேலையையெல்லாம் மலிவாக ஏற்கிறார்கள்.

விலகி நிற்க வேண்டியவை

வேலை கொடுக்கிறவர் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால், கடைக்கு மதிப்பீடு எழுதினால் காசு என்று தொடங்கும் வலையில் முதல் சில நாள் சிறு தொகை உண்மையாகவே வரும். நம்பிக்கை வந்ததும் ‘பெரிய பணி’க்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள், அதோடு போயிற்று. பேசியதைவிட அதிகமாக அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று வந்தால், வங்கியில் அந்தத் தொகை உறுதியாகச் சேர்ந்ததா என்று வங்கியிடமே கேளுங்கள். நீங்கள் அனுப்பியது போன பிறகு அவர்கள் அனுப்பியது திரும்பப் பெறப்படும். எல்லாவற்றிலும் கொடியது, உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பதும், வரும் பொதிகளை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்வதும். திருட்டுப் பணமும் திருட்டுப் பொருளும் உங்கள் பெயரில் போகும், வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும். இலவச மாதிரி வேலை கேட்பவருக்கு 200 சொல், ஐந்து நிமிட ஒலி, ஒரு பக்க வடிவமைப்பு வரை கொடுக்கலாம். அதைத் தாண்டிக் கேட்டால் அதற்குக் கூலி பேசுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உண்மையான மணிக்கூலியைப் போட்டுப் பாருங்கள். கடைசியில் நிற்பவரிடம் அடுத்த வேலைக்கு விலையை 15 அல்லது 20 விழுக்காடு உயர்த்திச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் நல்லது, விலகினால் அந்த மணிகள் மேலே உள்ளவருக்குப் போகும். முழுவதுமாக நிறுத்த வேண்டிய நிலை வந்தால் ஒரு மாதம் முன்னரே எழுத்தில் சொல்லி, கையில் உள்ளதை முடித்து, மூலக்கோப்புகளை ஒப்படைத்து, அவர்களின் தகவல்களை உங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டதையும் தெரிவித்து, கடைசிப் பில்லை அனுப்புங்கள். முடிந்தால் அந்த வேலையைச் செய்யக்கூடிய இன்னொருவரையும் அறிமுகப்படுத்துங்கள். திரும்பவும் தொடங்க நேர்ந்தால் முதலில் எழுத வேண்டியது அந்த வாடிக்கையாளர்களுக்குத்தான்.